சட்டையின் பின்பக்கம்

அன்புள்ள சுண்டெலிக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. நீ வெளிநாடு போன இந்த ஆறு வருடத்தில் நான் எழுதிய கடிதம் எல்லாமே 'இங்கே மூவரும் நலம்' என்றுதான் தொடங்கியிருக்கும். இதில் 'இருவர் நலம்' என்று எழுதுகிறேன். நீயாவது அங்கே நலமாக இருக்க வேண்டும். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள், அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிடு. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் நம்ப மாட்டாய், அது உன் குற்றமும் இல்லை. பூங்கா வாத்துகள் என்னைக் கண்டதும் உயரவாரியாக வரிசையில் நிற்கும் என்றும், ஒரு மரங்கொத்தி என் லென்ஸில் முகம் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்துகொண்டது என்றும் சொன்ன வாய் இது. நான் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தானே நீ காதில் வாங்குவாய், அந்தப் பழக்கத்தில் இதையும் கழித்துவிட்டால் நான் என்ன செய்வது. அதனால்தான் கடிதம், அதுவும் மூன்றே நாளில் சேர்க்கிற கூரியரில். உறைக்குள் ஒரு படமும் இருக்கிறது, அதை இப்போது எடுக்காதே, முதலில் படித்து முடி.

உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. வயிற்றில் கட்டி. எட்டு மாதத்துக்கு முன்னால் கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. ஐந்து தடவை மருந்து ஏற்றினார்கள், ஆறாவதுக்கு உடம்பு தாங்காது என்று நிறுத்திவிட்டார்கள். உன்னிடம் சொல்லிவிடலாம் என்று உன் அம்மா முதல் நாளே சொன்னார், அண்ணன்தான் கேட்கவில்லை. "அவ ஆராய்ச்சியை முடிச்சுக் குடுக்குற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது, பாதியில போட்டுட்டு ஓடி வந்துடுவா, அவளை எனக்குத் தெரியாதா" என்று எங்கள் இருவரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கினார். அன்றைக்கு அண்ணி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார், பாத்திரம் எதுவும் கழுவவில்லை. பிறகு நீ போனில் அப்பா முகத்தையே காட்டுவதில்லை என்று சண்டை போட ஆரம்பித்தாய். போன் குளத்தில் விழுந்துவிட்டது, பேசும் பாகத்தை மீட்டுவிட்டோம், கேமராவை மட்டும் வாத்து கொத்திவிட்டது என்றேன். என் வாழ்நாள் புளுகுகளிலேயே நீ நம்பியது அது ஒன்றுதான். சரி, அப்படியானால் மாதம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு சித்தப்பா, உன் பெரிய கேமரா எதுக்கு இருக்கு என்று கேட்டாய். அண்ணனும் என்னைப் பார்த்து, "உன்னைப் பொய் சொல்லவாடா சொல்றேன், போட்டோதானே எடுக்கச் சொல்றேன்" என்றார்.

எடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை அந்தப் பூங்காவில்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுவோம். வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் பள்ளம் தெரியும், அதனால் மர நிழலில் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை மடிமட்டத்தில் அண்ணியைப் பிடிக்கச் சொல்வேன். கீழிருந்து வெளிச்சம் ஏறிப் பள்ளமெல்லாம் நிரம்பிவிடும். கழுத்து எலும்பு தெரியாமலிருக்க மஞ்சள் பூச்செடி ஒன்றைக் குறுக்கே விட்டு எடுப்பேன், நீ அதை என்னுடைய இயற்கை ரசனை என்று நினைத்திருப்பாய். சட்டைதான் தொல்லை, தொளதொளவென்று தொங்கியது. துணி காயப்போடும் கிளிப் இரண்டை எடுத்து முதுகுப்பக்கம் இழுத்துப் பிடித்தேன், முன்பக்கம் அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றது. படத்தைப் பார்த்துவிட்டு நீ என்ன எழுதினாய் என்று ஞாபகம் இருக்கிறதா, அப்பாவுக்குச் சதை போட்டிருக்கு, நல்லா நடக்கச் சொல்லு என்று. அண்ணன் அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "பாத்தியாடா, உன் தொழிலும் என்னைக்கோ ஒரு நாள் உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கு" என்றார். நானும் சிரித்தேன். இருபத்தாறு வருடம் கல்யாண வீடுகளில் எத்தனையோ பேரை அழகாகக் காட்டியிருக்கிறேன், அதில் ஒருவருக்கும் முதுகில் கிளிப் போட்டதில்லை.

இரண்டு கிளிப் நான்காயிற்று. போன ஞாயிறு ஆறு. பூங்கா வாசலிலிருந்து பெஞ்சு வரைக்கும், நீ சின்னவளாக இருந்தபோது ஒரே ஓட்டத்தில் ஓடுவாயே அந்தத் தூரத்துக்கு, மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். அண்ணியை அட்டையைப் பிடிக்கச் சொல்லி, செடியைச் சரிசெய்து, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க அண்ணே என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த மீன்கொத்தி வந்தது. பதினோரு வருடமாக என்னிடம் பிடிகொடுக்காத அதே மகாராணி, பத்தடி தூரத்தில் குளத்துக் கம்பிமேல் உட்கார்ந்தாள். அண்ணன் எழுந்துவிட்டார். கிளிப்பையும் மறந்தார், வலியையும் மறந்தார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை நீட்டி, "அங்க பாரு, அங்க பாரு சுண்டெலி" என்றார். பக்கத்தில் நின்றது உன் அம்மா. அண்ணி ஒன்றும் திருத்தவில்லை, அட்டையைப் பிடித்தபடியே, "ஆமா, பாத்தேன்" என்றார். என் விரல் தொழில் பழக்கத்தில் அழுத்திவிட்டது, பறவையும் போய்விட்டது. மூச்சு வாங்க உட்கார்ந்து, "கிடைச்சுதாடா" என்று கேட்டார். கிடைச்சுதுண்ணே என்றேன். அவர் பறவையைத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பறவை ஒரு நீலக் கீற்று, அவ்வளவுதான். நான் பறவைக்குக் குறிவைத்தேன், கேமரா அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டது. மூன்று பச்சைக் கிளிப், மூன்று மஞ்சள் கிளிப், சட்டைத் தையல்கூட எண்ணிவிடலாம்போல் அத்தனை துல்லியம். இத்தனை மாதமாக நீ பார்த்த முன்பக்கம் என் கைவேலை. உறைக்குள் இருப்பது பின்பக்கம், அதில் நான் எதுவும் செய்யவில்லை.

புதன்கிழமை மருத்துவர் என்னையும் அண்ணியையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "பிள்ளைங்க வெளியூர்ல இருந்தா வரச் சொல்லிடுங்க, அடுத்த மாசம்னு தள்ளிப்போடாதீங்க" என்றார். உள்ளே வந்ததும் அண்ணன் என்னடா சொன்னாரு என்று கேட்டார். என்னை மாதிரி ஒரு மேதை தன்னைப் படம் எடுத்தால் பாக்கியம் என்கிறார் என்றேன். "அந்தாளுக்கு உன்னைப் பத்தித் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தன் நிலைமை அண்ணனுக்கு ஓரளவு தெரியும் என்றுதான் நினைக்கிறேன். சத்தியத்தை மீறி உனக்கு எழுதுகிறேன் என்பது மட்டும் தெரியாது. தெரிந்தால் என்னை வீட்டை விட்டுத் துரத்துவார். எழுந்து நடந்து வந்து துரத்துவார் என்றால் அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்.

ஆகவே வா. உன் பேராசிரியரிடம் நேரே போய்ச் சொல், அழுதுகொண்டே சொன்னால் பாதி புரியாது, சொல்லிவிட்டு அழு. ஆராய்ச்சி எங்கும் ஓடிப்போகாது. வழியில் ஏதாவது சாப்பிடு, வெறும் காப்பியைக் குடித்துக்கொண்டே வராதே. அம்மாவிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்காதே, கேட்கவேண்டியதை என்னிடம் கேள், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கேள். கிளம்புவதற்குள் அந்தப் படத்தை நூறு தடவை பார்த்துவிடு. அதிர்ச்சியெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடட்டும். வாசலில் நிற்கும்போது உன் முகம் மாறக்கூடாது, அவர் உன் முகத்தைத்தான் பார்ப்பார்.

நல்லபடியாக வந்து சேர், எங்கள் எல்லோர் ஆசியும் வழித்துணையாக இருக்கும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், எந்த நாள் வருகிறாய் என்பதை எனக்கு மட்டும் சொல். அண்ணனுக்குத் தெரிந்தால் உடனே கிளிப் டப்பாவைத்தான் தேடுவார். அதை என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

வழக்கமாகப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் பட்டங்கள் எதுவும் இந்தத் தடவை இல்லாமல்,
உன் சித்தப்பா