ஆற்றோடு விட்ட சட்டை

கல்லிடைக்குறிச்சி,
24-11-2024

அன்புத் தம்பி இசக்கிமுருகனுக்கு அக்கா முத்துராணி எழுதுவது.

ஜெயிலுக்குள் இருக்கிறவனிடம் நலமா என்று எப்படிக் கேட்பது? கேட்காமல் இருக்கவும் மனசு வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த வறட்டு இருமல் போய்விட்டதா?

புதன்கிழமை உன்னைப் பார்க்க மனுப் போட்டு வந்தேனே, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் என்ன காதில் விழும்? நீ வாயசைத்தாய், நான் தலையாட்டினேன், அவ்வளவுதான். அதனால் இனி எழுதுகிறேன். நீயும் எழுது. அங்கே படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும், நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?

உன் மேல் பழி விழுந்தது என்று கேட்ட மறுநாளே பாபநாசத்துக்குப் போனேன். நீ அன்று போட்டிருந்த நீலச் சட்டை கொடியில் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போய், தலை முழுகி, பழி இதோடு போகட்டும் என்று ஆற்றோடு விட்டுவிட்டு வந்தேன். அம்மா இருந்திருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள். தைரியமாக இரு.

என்னோடு அப்பளம் தேய்க்கிறவள் இப்படி உன் பேரில் புகார் கொடுத்துவிட்டாளே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பக்கத்துப் பலகைக்காரி. என் தூக்குச் சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டவள்.

அன்புடன்,
அக்கா முத்துராணி


மத்தியச் சிறை,
பாளையங்கோட்டை,
4-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இருமல் இல்லை. சோறு பரவாயில்லை, குழம்புதான் வாயில் வைக்க முடியவில்லை. உன் புளிக்குழம்பை நினைத்துக்கொண்டு விழுங்குகிறேன்.

சட்டை விஷயம் நல்லது. நல்ல வேலை செய்தாய்.

எங்கள் மில் முதலாளி அண்ணாச்சி எனக்கு ஒரு வக்கீல் பிடித்திருக்கிறார். பெரிய ஆள், பேச்சிலேயே தெரிகிறது. அவர் உன்னைப் பார்க்க வருவார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தது உனக்கு நினைவு இருக்கும். அதை மட்டும் மறந்துவிடாதே. அப்பளக் கம்பெனியில் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கு நான் லோடு ஏற்றப் போனது நாலு மணிக்கு. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

புருஷனை விட்டுவிட்டு வந்தவள் சொல்வதை யார் நம்புவார்கள் என்று வக்கீல் கேட்கிறார். தை பிறப்பதற்குள் வெளியே வந்துவிடலாமாம்.

அன்புத் தம்பி,
இசக்கி


கல்லிடைக்குறிச்சி,
19-12-2024

தம்பி இசக்கிக்கு,

உன் வக்கீல் வந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் கோர்ட்டில் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி நீட்டினார். தோசை, சட்னி, மணி ஆறு. அது பொய் என்று உனக்குத் தெரியும். அன்று நீ வரும்போது எட்டு மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதையும் விட்டுவிடலாம். அடுத்து அவர் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

"அவ எப்படிப்பட்டவன்னு நீங்க ரெண்டு வார்த்த சொல்லணும். கூட வேல பாக்கவங்க சொன்னா எடுபடும்."

"எப்படிப்பட்டவன்னா?"

"புருஷன விட்டவ. யார் யார்கூடல்லாம் பேசுவா, எத்தன மணிக்கு வீட்டுக்குப் போவா... அப்படி."

"சார், அவ என்கூடதான் பேசுவா. என்கூடதான் வீட்டுக்குப் போவா. அப்ப நான் எப்படிப்பட்டவ?" என்று கேட்டேன். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்குள் அண்ணாச்சியின் ஆட்கள் அவள் வீட்டுக்குப் போய், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சொன்னார்களாம். அது போலீசுக்குத் தெரிந்து, அதனால்தான் உன் ஜாமீன் தள்ளுபடி ஆனது. உனக்கு நல்லது செய்கிறோம் என்று எல்லாரும் சேர்ந்து உன்னைக் குழியில் தள்ளுகிறார்கள்.

நான் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். மதுமதி என்று ஒரு அம்மா. சின்ன வயசுதான், ஆனால் பேச்சு கறார். "குத்தம் சாட்டப்பட்டவங்க யாரா இருந்தாலும் வக்கீல் உண்டு. உங்க தம்பிக்காக நான் ஒழுங்கா வாதாடுவேன். ஆனா அந்தப் பொண்ணு நடத்தையப் பத்தி ஒரு கேள்வி கேக்க மாட்டேன். சட்டமும் விடாது. அவங்க பேரக்கூட நாலு பேர்ட்ட சொல்லாதீங்க" என்றார்கள். அதனால்தான் நானும் இதில் அவள் பெயரை எழுதவில்லை.

உன்னைப் பார்க்க வருவார்கள். அவர்களிடம் பொய் சொல்லாதே.

முத்துராணி


பாளையங்கோட்டை,
29-12-2024

அக்காவுக்கு,

நீ என் கூடப் பிறந்தவளா, அவள் கூடப் பிறந்தவளா? பெரிய வக்கீலை விரட்டிவிட்டு ஓசி வக்கீலை அனுப்பியிருக்கிறாய். ஊரில் எல்லாரும் எனக்காக நிற்கிறார்கள், நீ ஒருத்திதான் கேள்வி கேட்கிறாய். அந்த அம்மா வந்து குற்றம் நிரூபணமானால் குறைந்தது மூன்று வருஷம், கூடினால் ஏழு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆடையைக் களையும் நோக்கத்தோடு தாக்கியதாகப் பிரிவு போட்டிருக்கிறதாம். சமரசத்துக்கும் வழி இல்லையாம், பேரம் பேசவும் வழி இல்லையாம். இதைச் சொல்ல எனக்கு எதற்கு வக்கீல்?

உனக்கு நான் வேண்டாம் என்றால் நேராகச் சொல்லிவிடு. மனுவுக்கும் வர வேண்டாம்.

இசக்கி


கல்லிடைக்குறிச்சி,
12-1-2025

இசக்கிக்கு,

வேண்டாம் என்றால் இந்தக் குளிரில் அஞ்சரை பஸ் பிடித்து உனக்குச் சட்டைத்துணி கொண்டுவருவேனா, மூதேவி? என் பன்னிரண்டு வயதிலிருந்து உனக்குத் தலை சீவிவிட்டவள் நான். கோபத்தை அங்கேயே வைத்துக்கொண்டு இதை முழுசாகப் படி.

நேற்று அவளைப் பார்த்தேன். இரண்டு மாதமாக வேலைக்கு வரவில்லை. மாவு உருண்டையைக் கையில் எடுத்தால் கை நடுங்குகிறதாம். நான் வாசலில் நின்றேன், உள்ளே கூப்பிடவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். "அக்கா, அன்னைக்கு அவன் சட்டப் பையி என் கையோட கிழிஞ்சி வந்துச்சி. கைய கடிச்சேன், ரத்தம் வந்துச்சி. அந்தச் சட்டய நீங்க பாக்கவே இல்லயா?"

தம்பி, பார்த்தேன்.

பாபநாசம் படித்துறையில் அதைப் பிரித்தபோது பை கிழிந்திருந்தது. சட்டைக் கையில் ரத்தக்கறை காய்ந்திருந்தது. மூட்டை தூக்கும்போது கிழித்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமிக்குச் செய்கிறேன் என்று செய்தேன். ஆனால் முடிச்சுப் போட்டு எறிந்த அவசரம் சாமிக்கான அவசரம் இல்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று அவளுடைய சாட்சியை நான்தான் தண்ணீரில் விட்டேன். பெண்ணாகப் பிறந்து நான் செய்த வேலையைப் பார்.

மதுமதி அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் சொன்னது இது: "நான் அவருக்கு வக்கீல். நீங்க சொன்னத நான் போய் போலீஸ்ல சொல்ல மாட்டேன். பொய் சொல்ல உங்கள சாட்சிக்கூண்டுல ஏத்தவும் மாட்டேன். தடயத்த அழிச்சதா உங்க மேலயும் கேள்வி வரலாம், யோசிச்சிக்கிடுங்க."

யோசித்துவிட்டேன். கூண்டில் ஏற்றி என்னிடம் கேட்டால் சட்டையைப் பற்றிச் சொல்லுவேன். என் மேல் வழக்கு வந்தால் வரட்டும். உன்னை வெறுத்து இதைச் செய்யவில்லை. நீ செய்ததை மறைத்து நீ வெளியே வந்தால், உனக்குச் சோறு போடும்போதெல்லாம் எனக்கு அவள் கை நினைவு வரும். அந்தச் சோறு நமக்கு வேண்டாம்.

பொங்கலுக்குக் கரும்பு உள்ளே விட மாட்டார்களாம். நானும் வாங்கவில்லை.

அக்கா


(பதில் வரவில்லை.)


கல்லிடைக்குறிச்சி,
2-2-2025

தம்பிக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. மனுவுக்கு வந்தேன், பார்க்க விருப்பமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டாய். சரி. வேட்டியும் சோப்பும் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுதுலே.

அக்கா


பாளையங்கோட்டை,
10-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

சோப்பு வந்தது. வேட்டியும் வந்தது.

மூன்று வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். நீ சட்டையை ஆற்றில் விட்டதாக எழுதிய அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பக்கத்தில் இருந்தவனைத் தட்டிச் சிரித்தேன். படித்துறையில் நீ பார்த்ததை எழுதிய கடிதத்தைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பே என்னை விடவில்லை. ஒன்றும் செய்யாதவன் அந்தச் சட்டை போனதற்கு எதற்கு அக்கா சந்தோஷப்பட வேண்டும்? எங்கே சட்டை, கொண்டுவா, அதைக் காட்டி நான் நிரபராதி என்று சொல்கிறேன் என்றல்லவா கத்தியிருக்க வேண்டும்?

நான் செய்தேன். நாலு மணிக்கு இல்லை, ஆறரை மணிக்கு. கிட்டங்கிக்குள் அவள் தனியாக இருப்பது தெரிந்துதான் போனேன். அவள் வேண்டாம் என்று சொன்னாள், தெளிவாகச் சொன்னாள். புருஷன் இல்லாதவள், யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். இதை எழுதும்போது அருவருப்பாக இருக்கிறது.

நேற்று மதுமதி அம்மா வந்தார்கள். எல்லாம் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. "சாட்சி பலவீனமா இருக்கு, வழக்க நடத்தினா நீங்க தப்பிக்க வழி உண்டு. அதையும் சொல்ல வேண்டியது என் கடம. ஒப்புக்கிட்டா மூணு வருஷத்துக்குக் கொறயாது. யாரும் உங்கள வற்புறுத்தலையே?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். இல்லை என்றேன். இத்தனை நாள் உள்ளே இருந்தது கழியுமாம்.

பதினெட்டாம் தேதி குற்றச்சாட்டைப் படித்துக் கேட்பார்கள். ஆம் என்று சொல்லப்போகிறேன். நீ கூண்டில் ஏற வேண்டாம் அக்கா. அவளும் ஏற வேண்டாம்.

உன் தம்பி,
இசக்கிமுருகன்


கல்லிடைக்குறிச்சி,
25-2-2025

என் அன்புத் தம்பி இசக்கிக்கு,

அன்று கோர்ட்டில் நீ ஆம் என்று சொன்ன சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. மூன்று வருஷம் என்று நீதிபதி வாசித்தபோது நான் அழுதேன். ஆனால் போன நவம்பரில் அழுத அழுகை வேறு, இது வேறு. இந்தத் தடவை அழுது முடித்ததும் பசித்தது. மதுமதி அம்மாதான் கான்டீனில் இட்லி வாங்கிக் கொடுத்தார்கள்.

சட்டையைப் பற்றி நானே ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். போவேன்.

நேற்று அவள் வேலைக்கு வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, கடைசிப் பலகைக்குப் போய்விட்டாள். மத்தியானம் கை கழுவுகிற இடத்தில் அவளாகவே பேசினாள். "கோர்ட்ல என்னென்ன கேப்பாவளோன்னு மூணு மாசமா பயந்து செத்தேங்க்கா. ஒரு கேள்வியும் இல்லாம போச்சு. நான் பொய் சொல்லலன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான். அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீங்க."

"நான் கேக்கல தாயி" என்றேன். சாயங்காலத்துக்குள் இருநூறு அப்பளம் தேய்த்துவிட்டாள். ஒன்றுகூட கோணவில்லை.

அவள் இந்த ஊரில்தான் இருக்கப்போகிறாள். அவள் மகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கே. நீ வெளியே வந்து அதே தெருவில் நடந்தால், அவள்தான் தலை குனிந்து ஓரமாகப் போவாள். அது கூடாது. போக வேண்டியது நாம். அதனால் பாளையங்கோட்டையில் ஒற்றை அறை வீடு ஒன்று பார்த்துவிட்டேன். அடுத்த மாதம் மாறுகிறேன். ஒரு மெஸ்ஸில் வேலை சொல்லியிருக்கிறார்கள். உன்னைப் பார்க்க இனி பஸ் ஏற வேண்டாம், நடந்தே வந்துவிடுவேன்.

சனிக்கிழமை மனுப் போடுகிறேன். இந்தத் தடவை முகத்தைக் காட்டுலே.

உன் அக்கா,
முத்துராணி