சஹனிலிருந்து கையை எடுத்தல்

2008 நவம்பர் 3, திங்கள்

எழுபத்து மூன்றரைக் கிலோ. போன திங்களும் இதேதான். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. இப்போது எனக்கு வேண்டியது இப்படி நிற்பதுதான்.

சென்னையில் வயிற்றைச் சிறிதாக்கி, குடலை மாற்றிப் பொருத்தி ஒரு வருடம் தாண்டிவிட்டது. போகும்போது நூற்றிருபத்தொரு கிலோ. எங்கள் வீடு கடைக்கு மேல்மாடியில். அந்தப் படியை ஏறுவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவேன். காலையிலும் இரவிலும் இன்சுலின் ஊசி. இப்போது ஊசி இல்லை. கொழும்பு டொக்டர் போன முறை சொன்னார்: "முதல் வருசம் ஒபரேசன் வேலை செஞ்சது. இனி நீங்கதான் செய்யணும். உடம்பு கூடினா சீனியும் திரும்பி வரும்."

எங்கள் உம்மா சீனி வியாதிக்கு முதலில் கண்ணைக் கொடுத்தார், பிறகு காலைக் கொடுத்தார், பிறகு போய்ச் சேர்ந்தார். அந்த ஊசியை நான் திரும்பவும் கையில் எடுக்க மாட்டேன். மாட்டேன் என்றால் மாட்டேன்.

நவம்பர் 6

ஓப்பநாயக்க சந்தியில் புடவைக் கடை வைத்திருப்பவள் விடியற்காலையில் தெருவில் நடந்தால் ஆளுக்கொரு கேள்வி. அதனால் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஏறுகிறேன், அன்றைய வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும் கொழுந்துப் பெண்களுக்குப் பின்னால். என் அபாயாவுக்குக் கீழே வெள்ளைக் கென்வஸ் சப்பாத்து. பார்க்க நன்றாக இல்லைதான். யார் பார்க்கச் சொன்னது?

வெள்ளையம்மா இன்று திரும்பி நின்றுவிட்டாள். தீபாவளிக்கு எங்கள் கடையில்தான் சேலை எடுப்பாள், என் வயதுதான் இருக்கும்.

"ஏங்கம்மா, கூடையும் இல்ல, கொழுந்தும் இல்ல. சும்மாவா மலை ஏறுறீங்க?"

"ஒடம்பு கூடாம ஈக்க வெள்ளையம்மா."

"நாங்க பேருக்காக ஏறுறோம், நீங்க ஒடம்புக்காக ஏறுறீங்க. நல்லாருக்குங்க கூத்து." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஏறினால் மூச்சு வாங்குகிறது.

நவம்பர் 14

தலைமுடி கொட்டுகிறது. கொட்டட்டும். முக்காடு எதற்கு இருக்கிறது?

நவம்பர் 19

இன்று பாலத்தடியில் ஊர்காவல் படைக்காரர்கள் மறித்தார்கள். யுத்த காலம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. அடையாள அட்டையைக் கொடுத்தேன். அந்தத் தம்பி அட்டையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். அட்டையில் இருப்பவளுக்குக் கழுத்தே இல்லை. இது நீ இல்லை, யாருடைய அட்டை என்று சிங்களத்தில் அதட்டினான்.

நானும் சிங்களத்தில் சொன்னேன்: நான்தான், வயிற்றில் ஒபரேசன் செய்து மெலிந்தேன், திரும்பக் கூடாமல் இருக்க நடக்கிறேன். அவன் நம்பவில்லை. உடம்பு கூடிவிடும் என்று பயந்து மலை ஏறும் ஆளை அவன் எங்கே பார்த்திருப்பான்! கடைசியில் வெள்ளையம்மாதான் முன்னால் வந்து, இது கடைக்கார நோனா, முந்தி இரண்டு ஆள் அளவு இருந்தவர் என்று கையை விரித்துக் காட்டினாள். அவன் சிரித்து அட்டையைத் தந்தான். வேறு நாளென்றால், தோட்டத்துத் தமிழ்ப் பெண் என்று அவளுடைய அட்டையைத்தான் அவன் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

டிசம்பர் 9, ஹஜ்ஜுப் பெருநாள்

நூரியா தாத்தா என் மூத்த சகோதரி. உம்மா படுக்கையில் விழுந்த பிறகு எனக்குத் தலைவாரி விட்டு, சோறு பிசைந்து கொடுத்தவர். அவருக்கு அன்பு என்றால் சாப்பாடு. இன்று கருப்பட்டி போட்ட வட்டிலாப்பத்தோடு வந்து நின்றார். "றஸ்மியா, ஒரு கரண்டி. எனக்காக."

எடுத்தேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, உடம்பெல்லாம் வேர்த்தது, கட்டிலில் சுருண்டு படுத்தேன். மாற்றிப் பொருத்திய குடலுக்குச் சீனி ஆகாது. தாத்தா விசிறிக்கொண்டே அழுதார். பிறகு கோபம் வந்துவிட்டது. "அல்லாஹ் தந்த வயித்த வெட்டிப்போட்டு வந்து, இப்ப என்ட கையால தின்னவும் ஏலாதாம்!"



டிசம்பர் 28

பாடசாலை விடுமுறை என்றாலே கலியாணம்தான். இந்த மாதம் நான்கு. நான் பயப்படவில்லை. வீட்டில் என் அளவு ஒரு சின்னப் பீங்கான் தட்டு: முதலில் முட்டையோ மீனோ பருப்போ, பிறகு இடம் இருந்தால் சோறு. கலியாணத்திலும் அப்படித்தான் நடந்துகொள்கிறேன் என்று நினைக்கிறேன்.

2009 ஜனவரி 12

எழுபத்தெட்டு.

கொழும்பில், டொக்டரின் தராசில். கலியாண மாதம் முழுக்க வீட்டுத் தராசில் ஏற நேரம் கிடைக்கவில்லை. வழி முழுக்கப் பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதனை, இறங்கி ஏறி இடுப்பு விட்டுப்போய் அங்கே போனால் இது. சாப்பாடு பற்றிச் சொல்லித் தரும் மிஸ் கேட்டார்: "பிளேட்டில எவ்வளவு போடுறீங்க?" நான் சத்தியம் பண்ணாத குறை. ஒரு நாளும் அளவுக்கு மேலே போட்டதில்லை மிஸ். இரண்டு மாதத்தில் நாலரைக் கிலோ எங்கிருந்து வந்தது? இரத்தத்தில் சீனியும் கொஞ்சம் கூடியிருக்கிறது. இன்னும் கூடினால் மருந்து, அதற்கு மேலே போனால் ஊசி.

ஏன் இப்படி? மலை ஏறல்லயா நான்? பசிச்சாலும் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஈக்கல்லயா? அப்புறம் எதுக்கு வயித்த வெட்டினேன்?

ஜனவரி 13

கண்டுபிடித்துவிட்டேன்.

பிளேட்டில் எவ்வளவு என்று மிஸ் கேட்டார். நம் கலியாணங்களில் பிளேட் எங்கே இருக்கிறது? எல்லோருக்கும் ஒரே பெரிய தட்டு, ஒரு சஹன், அதில் மலையாக நெய்ச்சோறு, சுற்றி ஆறு பேர், ஆறு கைகள். ஒருத்தி கையை எடுத்தால் மற்ற ஐந்து பேரும் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்கள், பாதி வயிற்றோடு எழும்புவார்கள். அதனால் நிரம்பினவளும் கையை எடுக்க மாட்டாள். ஒரு பருக்கை, ஒரு கத்தரித் துண்டு, கோழியில் ஒரு நார் என்று மற்றவர்கள் முடிக்கும் வரைக்கும் விரலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். அதுதான் மரியாதை.

நானும் அப்படித்தான் ஆட்டினேன். முக்கால் மணி நேரம். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் என் சின்ன வயிறும் எவ்வளவும் ஏற்றுக்கொள்ளும், நிரம்பின உணர்வே வராது. கலியாணம், இறந்தவர்களுக்கு ஓதும் கத்தம், மகளிர் மார்க்கப் பயான் என்று கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டு சஹன். மரியாதை பார்த்தே நாலரைக் கிலோ ஏற்றிவிட்டேன்.

சரி. வழி தெரிந்துவிட்டது. இனி என் அளவு முடிந்தால் கை வெளியே.

பெப்ரவரி 8

மகள் இஸ்ராவுக்குக் கலியாணப் பேச்சு முடிந்தது. மாப்பிள்ளை புவாட், கரவனெல்லப் பக்கம், இறப்பர்க் கடை. நல்ல பிள்ளை, நிலத்தைப் பார்த்தே பேசுகிறான். அவனுடைய உம்மா ஜெஸீமா வாட்டசாட்டமானவர், சிரித்தால் வீடே அதிரும். ஜூனில் கலியாணம். என் மகள் போகப் போகிறாள். கடையில் துணி மடிக்கும்போது இரண்டு தரம் அழுதுவிட்டேன்.

என் ஒபரேசனைப் பற்றி அவர்களிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்கிறார் என் கணவர் ஸமீம். "உம்மாக்கு என்ன வருத்தம், மகளுக்கும் வருமான்னு கேப்பாங்க." சரி என்றேன்.

மார்ச் 15

நிவித்திகலயில் சொந்தக்காரக் கலியாணம். நூரியா தாத்தாவும் நானும் ஒரே சஹன். என் அளவு முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக் கையை எடுத்தேன்.

ஐந்து கையும் நின்றன. சோறு மலை அப்படியே இருக்கிறது. ஒரு கிழவி, பசியோடு வந்தவர் போலிருந்தது, மெதுவாகக் கையை மடியில் வைத்துக்கொண்டார். "தின்னுங்க, தின்னுங்க" என்று கெஞ்சினேன். யாரும் தொடவில்லை. சஹனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே வந்ததும் தாத்தா பிடித்துக்கொண்டார். "மெலிஞ்சதோட பெரிய ஆளாகிட்ட நீ. எங்களோட குந்தித் தின்ன ஒனக்கு ஏலா. அப்ப சஹனுக்கே வராத!"

"தாத்தா, எனக்கு ஒடம்பு…"

"எனக்கும் ஒடம்பு ஈக்கி. சீனியும் ஈக்கி. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

வேனில் என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 6

எழுபத்தைந்தரை. தாத்தாவிடமிருந்து போன் இல்லை.

மே 10

கலியாணத்தன்று இரண்டு உம்மாமாரும் ஒரு சஹனில் கை வைக்க வேண்டும். அதுதான் உறவு. முழு ஊரும் பார்க்கும். எனக்கு ஒரு தனிப் பீங்கான் வைத்தால் என்ன என்று ஸமீமிடம் கேட்டேன். அவர் முகமே மாறிவிட்டது. "தனிப் பீங்கான் வெளியாளுக்குப் போடுறது. சம்பந்திக்காரி முன்னால நீங்க வெளியாளா?"

அவர் சொல்வது சரி. தனிப் பீங்கான் இல்லை. சஹனில் உட்காருவேன். ஆனால் அன்றைக்கு மட்டும்தானே என்று விரலை ஆட்ட மாட்டேன். அன்றைக்கு மட்டும், அன்றைக்கு மட்டும் என்றுதான் நூற்றிருபத்தொன்று வரைக்கும் போனேன்.

மே 17

தாத்தாவைக் கலியாணத்துக்கு அழைக்க நேரில் போனேன். தேத்தண்ணீர் தந்தார், சீனி இல்லாமல். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்து சொன்னேன்: "உம்மாக்குக் கடைசியில ஊசி போட்டது யாரு தாத்தா? நீங்க. வயித்துல எடமில்லாம தொடையில போட்டீங்க. போட்டுட்டு குசினிக்குப் போய் அழுவீங்க. எனக்குப் போட இஸ்ராவ அப்படி நிக்க வைக்க ஏலா. அதுக்குத்தான் கைய எடுத்தேன். ஒங்கள விட்டு இல்ல."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இஸ்ராக்காக வருவேன்" என்றார். அவ்வளவுதான்.

மே 20

யுத்தம் முடிந்ததாம். சந்தியில் வெடி, எல்லோருக்கும் பாற்சோறு. வாங்காமல் போக முடியாது. நான் வாங்கினேன், வெள்ளையம்மாவும் வாங்கினாள்.

ஜூன் 15

நேற்றுக் கலியாணம். மறக்கும் முன் எழுதிவிட வேண்டும்.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. இஸ்ராவைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் நிரம்பியது. பிறகு பெண்கள் பக்கம் சஹன் வைத்தார்கள். என் வலப்பக்கம் ஜெஸீமா, எதிரே நூரியா தாத்தா, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மூன்று பேர். ஜெஸீமா கோழியைப் பிய்த்துக் கால் துண்டை என் முன்னால் வைத்தார். "தின்னுங்க மச்சி. இனி ஒரே குடும்பம்."

மெதுவாக மென்று தின்றேன், காலில் பாதி. இரண்டு பிடி சோறு. வயிறு போதும் என்றது. எல்லோரும் அப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள். விரலை ஆட்டலாம், யாருக்கும் தெரியாது. தெரியாதுதான். எனக்குத் தெரியுமே.

கையை எடுத்தேன்.

நின்றுவிட்டன, ஐந்து கையும். ஜெஸீமாவின் சிரிப்புப் போய்விட்டது. "ஏன் மச்சி, எங்களோட தின்ன விருப்பமில்லயா?" பக்கத்துச் சஹன்களும் திரும்பிப் பார்த்தன. மகளுடைய வாழ்க்கையைச் சோற்றில் போட்டுவிட்டேனே!

அப்போது தாத்தா சஹனுக்குள் கையை வைத்தார். மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசாத தாத்தா.

"அவக்கு வயிறு ஒரு முட்டையளவுதான் ஈக்கி. ஒபரேசன் செஞ்சது. செய்யாட்டி இண்டக்கி இந்த எடத்துல அவ இல்ல. எங்கட உம்மா பட்ட பாடு பட்டு இவவும் போயிருப்பா. இப்ப உசிரோட மகள்ட கலியாணத்துல குந்திக்கிட்டு ஈக்கிறா, அது போதும் எங்களுக்கு. அவ கைய எடுப்பா. நீங்க எடுக்காதீங்க. தின்னுங்க!"

சொல்லிவிட்டு நான் மிச்சம் வைத்த கோழிக்காலை எடுத்துத் தின்னத் தொடங்கினார்.

ஜெஸீமா என்னைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து இரகசியமாக, "எங்க செஞ்ச மச்சி அந்த ஒபரேசன்? எனக்கும் சீனி ஈக்கி" என்றார். அவர் கை சோற்றுக்குப் போயிற்று. மற்றக் கைகளும் போயின. நான் எழும்பவில்லை. கழுவாத கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் முடிக்கும் வரைக்கும் பேசிக்கொண்டு இருந்தேன். அதுவும் மரியாதைதான்.

ஜூன் 16

மலை ஏறினேன். வெள்ளையம்மா, "கலியாண வீட்டுக்காரம்மா, இன்னைக்குமா?" என்றாள். இன்றைக்கும்தான்.

நவம்பர் 29

காலையில் தராசு எழுபத்து நான்கு. இரத்தத்தில் சீனி சரியாக இருக்கிறது என்று போன வாரம் டொக்டர் சொன்னார்.

நேற்றுப் பெருநாள் விருந்து தாத்தா வீட்டில். இஸ்ராவும் புவாடும் ஜெஸீமாவும் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரே சண்டை. "றஸ்மியாவ எங்கட சஹனுக்கு அனுப்புங்க!" "போன தரமும் ஒங்களுக்குத்தான், இந்தத் தரம் எங்களுக்கு!" என்னவென்று கேட்டால், நான் இருக்கிற சஹனில் ஆளுக்குக் கொஞ்சம் இறைச்சி கூட வருகிறதாம். முந்தி அந்தப் பெரிய உடம்போடு நான் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் முகம் வாடும். தாத்தா தீர்ப்புச் சொல்லி என்னைத் தன் சஹனிலேயே உட்கார வைத்துக்கொண்டார். வீட்டுக்காரிக்கு இல்லாத உரிமையா?

என் அளவு முடிந்தது. கையை எடுத்தேன். ஜெஸீமா கரவனெல்லயில் மழை வெள்ளம் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், தாத்தா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் கை கழுவப் போனதைக்கூட யாரும் பார்க்கவில்லை.