அட்டையில் மிஞ்சிய மாத்திரைகள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், கோணல் கையெழுத்துக்கும் சேர்த்து. நம் உருண்டைப் பயல் இப்போதுதான் பால் குடித்துக் கண்ணயர்ந்தான். என் இடது தோளில் கிடக்கிறான். வலது கைதான் எனக்கு மிச்சம். போனில் சொல்லியிருக்கலாம். நீ என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடமாட்டாய்.

உன் மருந்துக்கடையிலிருந்து அனுப்பிய அசிடிட்டி சொட்டு மருந்தை அவனுக்குக் கொடுக்கப் போவதில்லை. மூடியைக்கூடத் திறக்கவில்லை.

பால் குடித்ததும் கக்குகிறான், நிஜம்தான். பயந்துபோய்தான் உன்னிடம் புலம்பினேன். ஆனால் டாக்டரம்மா அவனை எடை போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா ஏறியிருக்கான். கக்கிட்டுச் சிரிக்கிற குழந்தைக்கு வியாதி இல்லம்மா, துணி துவைக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார்கள். எடை குறைந்தால், பால் வேண்டாம் என்றால், பச்சையாகவோ ரத்தமாகவோ கக்கினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவரச் சொன்னார்கள். வயிற்று அமிலம் சும்மா இருக்கவில்லையாம். உள்ளே வரும் கிருமியைக் கொல்வது அதன் வேலை. தேவையில்லாமல் அதை அடக்கினால் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் வர வாய்ப்பு அதிகமாம்.

கோபித்துக்கொள், பரவாயில்லை. புட்டியைத் திருப்பி அனுப்புகிறேன்.

உன் தங்கை

ஜூன் 11

அடி வாயாடி,

புட்டி வந்தது. உடையாமல் பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறாய். ரொம்ப மரியாதை!

இத்தனை வருஷமாகக் கல்லாவில் நிற்கிறேன். வயிற்றெரிச்சல் என்றால் தெருவே என்னிடம்தான் வருகிறது. கூடப் பிறந்தவளுக்குத்தான் என் பேச்சு ஆகவில்லை. அதென்ன விஷமா? நானே வருஷக்கணக்கில் தினமும் அசிடிட்டி மாத்திரை போடுகிறேன். ஜனங்கள் அட்டையில் பாதியை வெட்டி வாங்கிப் போகிறார்கள். காலாவதித் தேதி அச்சடித்த முனை அவர்களோடு போய்விடும். மிஞ்சிய துண்டை யார் வாங்குவார்? குப்பையில் போட மனசு வருமா? ஒரு டப்பாவில் போட்டு வைத்து, காலையில் டீ குடித்ததும் கைக்கு வந்ததை விழுங்குகிறேன். இருபது மில்லிகிராமோ நாற்பதோ, எந்தக் கம்பெனியோ, உள்ளே போனால் எல்லாம் ஒன்றுதான். செத்தா போய்விட்டேன்?

கால்தான் கொஞ்சம் படுத்துகிறது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, பாதம் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. போன வாரம் வழியில் ஒரு செருப்பு கழன்றது தெரியாமலே கடைக்கு வந்து சேர்ந்தேன். எதிர்க்கடைத் தையல்காரர், "என்னக்கா, ஒத்தச் செருப்புதான் இப்ப புது ஸ்டைலா?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். நின்று நின்று வந்தது. இதற்கெல்லாம் உன்னைப் போல நான் டாக்டரிடம் ஓடுவதில்லை.

இனிமேல் குழந்தைக்கு ஒன்று என்றால் என்னிடம் வந்து புலம்பாதே.

அக்கா

ஜூன் 15

அக்கா,

குழந்தைப் பேச்சை விடு. செருப்பு கழன்றது தெரியாத காலை வைத்துக்கொண்டு எனக்கா புத்தி சொல்கிறாய்?

உன் கடிதத்தை டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஆமாம், காட்டினேன். ஒத்தச் செருப்பு இடத்தில் அவர்கள் சிரிக்கவில்லை. அந்த மாத்திரை கெட்டது இல்லையாம். பலருக்குச் சில வாரம் போதும். தேவைப்படுகிறவர்கள் டாக்டர் பார்வையில் நீண்ட நாளும் போடலாம். யாரும் பார்க்காமல் வருஷக்கணக்கில் விழுங்கினால் மெக்னீசியமும் பி12 வைட்டமினும் குறையலாம், எலும்பும் பலம் இழக்கலாம். காலிழுப்பும் மரத்துப்போவதும் அதனாலும் வரும், சர்க்கரையாலும் வரும். ரத்தத்தைச் சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார்கள். சாப்பிடுவதற்கு அரைமணி முன்னால் போட வேண்டியதை நீ டீக்குப் பின்னால் போடுகிறாய். அந்த டப்பாவில் காலாவதியானது எத்தனையோ!

போய் ரத்தம் பார். டப்பாவையும் எடுத்துப் போ. ஆனால் வீம்புக்கு ஒரேயடியாக நிறுத்திவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

தங்கை

ஜூன் 29

நிறுத்தினேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே. மாத்திரைக்கு நான் அடிமை இல்லை என்று உனக்குக் காட்டத்தான்.

இரண்டு மூன்று நாள் ஒன்றும் இல்லை. பிறகு நெஞ்சிலிருந்து தொண்டைவரை நெருப்பு. தண்ணீர்கூட எரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன். மறுபடியும் போட்டேன், ஒன்றுக்கு இரண்டாக. இப்போது நிம்மதி. எனக்கு அது வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

என் கடிதத்தைக் கண்டவர்களிடம் படித்துக் காட்டுகிறவளுக்கு எழுத இனி எனக்கு ஒன்றும் இல்லை. நீயும் எழுதாதே.

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

அது சாட்சி இல்லை. வருஷக்கணக்கில் அடக்கி வைத்த அமிலம், மாத்திரையைத் திடீரென்று விட்டதும் முன்னைவிட அதிகமாகச் சுரக்குமாம். அதனால்தான் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒருவேளை உனக்கு அது உண்மையிலேயே வேண்டியதாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது நீ இல்லை. ஒன்றுக்கு இரண்டு என்று முடிவு செய்ய வேண்டியதும் நீ இல்லை.

நான் கல்லூரியில் படித்தபோது ஒரு சாயங்காலம் உன் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடியன் வந்து தூக்க மாத்திரை கேட்டுக் கல்லாவைத் தட்டினான். "டாக்டர் சீட்டு இருந்தா குடு, இல்லேன்னா நடையைக் கட்டு. கடையையே உடைச்சாலும் தரமாட்டேன்" என்றாய். உள்ளூரப் பயம்தான் உனக்கு, ஆனாலும் அவன் போகும்வரை கல்லாவை விட்டு நீ நகரவில்லை. சொட்டு மருந்தைத் திருப்பி அனுப்பியபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது அக்கா. இந்தத் திமிர் எனக்கு வேறெங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறாய்?

இப்போது அதே கல்லாவுக்கு முன்னால் சீட்டு இல்லாமல் நிற்பவள் நீ. அந்த அக்கா உனக்குத் தருவாளா?

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் உருண்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். உன் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து உன் பெயரைப் பதிந்தாயிற்று. வரமாட்டேன் என்று நீ சாதித்தால், உன் கடைப் படியில் உட்கார்ந்து இவனை அழவிடுவேன். இவன் குரல் உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒருவரும் நிம்மதியாக ஒரு மாத்திரை வாங்கிப் போக முடியாது.

அதற்கு முன்பே நீயாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டால் எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? போகிறாயா, நான் வரட்டுமா? சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை