குருவியின் தப்பு நோட்டு

டீச்சர் அம்மாவுக்கு,

குருவியின் அம்மா வணக்கத்துடன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் எனக்கு ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குமேல் நான் படிக்கவில்லை. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமாக இருங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மாற்றலாகிப் போன ஊரிலிருந்தும் என் பெண்ணை நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய தப்பு நோட்டைக் கேட்டிருக்கிறீர்கள். புது வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டவேண்டும், இவ்வளவு அழகாக யாரும் எழுதியதில்லை என்கிறீர்கள். உண்மைதான். குருவிக்கு வாய் ஓயாது, கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

தப்பாய்ப் போன கணக்கை அழிக்கக்கூடாது, போட்டது போட்டபடி அந்த நோட்டில் எழுதி, கீழே ஏன் தப்பானது என்று ஒரு வரி எழுதவேண்டும் என்பது நீங்கள் வைத்த சட்டம். “தப்பு கூட ஒரு வரிசையாத்தான்மா வரும். அந்த வரிசையைப் பிடிச்சிட்டா தப்பு ஓடிப்போயிடும்னு டீச்சர் சொன்னாங்க” என்று, பாத்திரம் கழுவும் என் முதுகுக்குப் பின்னால் நின்று எனக்கே பாடம் நடத்துவாள்.

பெற்றோர் கூட்டத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “புத்திசாலிப் பொண்ணுதான், ஆனா கவனமே இல்லை. வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைங்க” என்றீர்கள். நானும் கண்டித்தேன். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதக்கூடவா தெரியாது என்று கேட்டதற்கு, “போர்டுல அவ்வளவுதான்மா இருந்துச்சு” என்றாள். “அப்போ போர்டு பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?” என்று ஒரு அறை விட்டேன். ஒவ்வொரு கணக்குக்குக் கீழும் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னது நான்தான். உட்கார்ந்து எழுதினாள். அவள் வாசல் நிலையில் வலது தோளை இடித்துக்கொள்ளும்போதெல்லாம், கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு என்று திட்டியதும் நான்தான்.

தலையில் கட்டி, இடதுபக்கம், என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலதுபக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும், அது போனது பிள்ளைக்கே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். முன்னாலேயே உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். ஒன்றுமே தெரியவில்லை சார் என்று சொன்னேன். பதினெட்டு நாள் இருந்தாள்.

அவள் போய் மூன்று மாதமாகிறது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அந்த நோட்டைத் திறந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் உங்கள் வகுப்பில் இருந்தவள்தான். அவள் கணக்கு நோட்டை வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் நோட்டில் 3427-ம் 1586-ம் கூட்டல். குருவி நோட்டில் 342-ம் 158-ம். கூட்டி 500 என்று போட்டிருக்கிறாள். அதன்மேல் உங்கள் சிவப்பு மை. விரல் விட்டு நானும் கூட்டிப் பார்த்தேன் டீச்சர். 500 சரிதான். நாற்பத்தொரு கணக்கு, அத்தனையும் அப்படித்தான். அவள் கண்ணில் பட்டதற்கு அவள் போட்ட விடை எல்லாமே சரி.

முதல் பக்கங்களில் கடைசி எண் மட்டும் இல்லை. நடுவில் போனால் இரண்டு எண் இல்லை. கடைசிப் பக்கத்தில் வலதுபக்கப் பாதிக் கணக்கே இல்லை. நீங்கள் சொன்ன வரிசை அதுதானே?

நான் சட்டை கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு சட்டை என் கை வழியாகப் போகிறது. ஒரு சட்டையில் தையல் விட்டிருந்தால் தைத்தவளைக் கூப்பிட்டுத் திட்டுவோம். அதே இடத்தில் பத்துச் சட்டையில் விட்டிருந்தால் யாரையும் திட்டமாட்டோம், மெஷினை நிறுத்திப் பிரித்துப் பார்ப்போம். சேர்ந்த முதல் வாரமே இதைக் கற்றுக்கொண்டேன். பதினோரு வருடமாக யாரோ போடுகிற சட்டைக்கு அப்படிப் பார்க்கிறேன். பெற்ற பிள்ளைக்குப் பார்க்கவில்லை. ஆகையால் உங்களை மட்டும் சொல்லுகிறேன் என்று நினைக்கவேண்டாம். எனக்காவது படிப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்தேன், மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு கணக்கையும் தொடவில்லை. உங்கள் சிவப்பு மையும் அப்படியே இருக்கிறது. அவள் பென்சிலால் எழுதிய கவனக்குறைவை மட்டும் அவளுடைய ரப்பராலேயே அழித்துவிட்டேன். நாற்பத்தொரு இடம். கரைந்து கரைந்து ரப்பரும் தீர்ந்துவிட்டது. அந்த இடங்களில் என்ன எழுதவேண்டுமோ, நீங்கள் படித்தவர், எழுதிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

உங்கள் வகுப்பில் உட்காருகிற பிள்ளைகள் அத்தனை பேரும் நல்லபடியாக வளரட்டும். அவர்களில் ஏதாவது ஒரு பிள்ளை, போர்டில் இவ்வளவுதான் இருந்தது என்று சொன்னால், ஒரே ஒரு தடவை நம்பிப் பாருங்கள் அம்மா.

இப்படிக்கு,
குருவியின் அம்மா