கொஞ்சம் குறைவாக எழுது, பாப்பா

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பதிலில் அதை முதலில் எழுதுங்கள். இங்கே உடம்பளவில் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். என் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கே பிடிபடவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்ததும் பாப்பா ஓடிவந்து காதோடு காது வைத்து நிற்கிறாள். அதனால் தையல் மிஷினை மூடி, அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெதுவா டீச்சர் போகப்போகிறார். நம் பள்ளி பின்தங்கிய பள்ளி என்று சிறப்பு நிதி வந்ததே, அதில்தான் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கென்று அவரைப் போட்டிருந்தார்கள். யார் அவசரப்பட்டாலும் மெதுவா, மெதுவா என்பார்; பிள்ளைகள் அதையே பெயராக்கிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புவரை நம் பாப்பா வாசிக்கவே இல்லை, வாசிப்பதுபோல நடித்தாள் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, சரியான இடத்தில் பக்கத்தைக்கூடத் திருப்புவாள், கள்ளி. நாமும் நம் பெண்ணைப்போல் உண்டா என்று பூரித்துக் கிடந்தோம். அப்படி நடித்தவளைத்தான் டீச்சர் எழுத்துக்கூட்ட வைத்து, ஆறாம் வகுப்பில் தேறவும் வைத்தார்.

வினை அங்கேதான் தொடங்கியது. பள்ளி முழுக்க மதிப்பெண் ஏறியதும் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து கேடயம் கொடுத்தார். நானும் கை வலிக்கத் தட்டினேன். அடுத்த மாதமே அதே அலுவலகத்திலிருந்து உத்தரவு. பள்ளி முன்னேறிவிட்டதாம். அரையாண்டுத் தேர்விலும் இப்படியே இருந்தால் சிறப்பு நிதி நின்றுவிடுமாம், டீச்சர் வேறு பள்ளிக்குப் போகவேண்டுமாம். மதிப்பெண் இறங்கினால் இருப்பாரா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். கொஞ்சம் இறங்கினால் இருப்பார், ரொம்ப இறங்கினால் பள்ளியையே மூடிப் பிள்ளைகளை டவுன் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள் என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். பிள்ளை நன்றாகப் படிப்பது நல்லதா கெட்டதா என்று பெற்றவளுக்குச் சந்தேகம் வரலாமா? எனக்கு வந்துவிட்டது.

பெற்றோர் கூட்டம் போட்டோம். எல்லாப் பிள்ளைகளும் வினாத்தாளின் கடைசிப் பக்கத்தை மட்டும் எழுதாமல் விட்டால் கணக்காக இறங்கும் என்று டிராக்டர் மெக்கானிக் யோசனை சொன்னார். வண்டியை நிறுத்தச் சொல்லலை, கியரைத்தான் குறைக்கச் சொல்றேன் என்றார். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியருக்கு வெளியே குழாய் சொட்டுவது ஞாபகம் வந்துவிட்டது. மூடிவிட்டு வருகிறேன் என்று போனவர், நாங்கள் முடிவெடுத்த பிறகுதான் திரும்பினார். டீச்சருக்கு யாரும் சொல்லவேண்டாம் என்றும் பேசிக்கொண்டோம்.

அன்று சாயங்காலமே பாப்பாவை உட்காரவைத்துச் சொன்னேன், கொஞ்சம் குறைவாக எழுது, கடைசிப் பக்கத்தை விட்டுவிடு, அப்போதுதான் டீச்சர் இங்கேயே இருப்பார் என்று. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் திருதிருவென்று விழித்திருப்பேன்.

முடிவு வந்தது. மதிப்பெண் போன தடவையைவிட ஏறியிருக்கிறது. ஊரார் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள், நம் பிள்ளை மட்டும் முழுசாக எழுதட்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். மெக்கானிக் மகன்தான் வகுப்பில் முதல். என் முகத்தைப் பார்த்ததும் அவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். வந்த கோபத்தில் அவர் தைக்கக் கொடுத்த சட்டையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பாப்பா கடைசிப் பக்கத்தை மட்டும் விடவில்லை. தாளில் தன் பெயரைத் தவிர ஒரு எழுத்தும் எழுதவில்லை.

ஏண்டி இப்படிச் செய்தாய் என்றால், நீதானே சொன்னே என்கிறாள். ஒரு பக்கம் விட்டால் டீச்சர் இருப்பார்களோ மாட்டார்களோ, எல்லாப் பக்கமும் விட்டால் கட்டாயம் இருப்பார்கள் என்று நினைத்தாளாம். கேட்டதும் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆனால் வழக்கமாக இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் இந்தத் தேர்வன்று ஒருவரை மட்டும்தான் உட்காரவைத்தார்களாம். இதைக் கேட்டதிலிருந்து ஒரு பயம். போன வருடம் தேறினாளே, அது தானாகவா, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தா? சரி, எனக்காக இந்தப் பக்கத்தை வாசி என்று புத்தகத்தை நீட்டினேன். வாசித்தால் டீச்சரை அனுப்பிவிடுவார்கள் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையும் அதைத்தான் சொல்லும், தெரியாத பிள்ளையும் அதைத்தான் சொல்லும். வாசிப்பதுபோல நடித்து இத்தனை வருடம் நம்மை ஏமாற்றியவள். இப்போது எதை நடிக்கிறாள் என்று பெற்ற எனக்கே தெரியவில்லை.

டீச்சரிடம் போய்க் கூட்டத்தில் பேசியதை எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பாப்பாவின் தாளை விரித்துவைத்துக்கொண்டு, இவளுக்கு நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்றுதான் இருந்தேன், இப்போது எனக்கும் நிச்சயமில்லை அம்மா என்றார். இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறார். மனக்குறையோடு போகிறாரே என்று எனக்கு ஆறவில்லை. உங்கள் பிள்ளை நன்றாக வாசிக்கிறாள் டீச்சர் என்று சொல்லி அனுப்ப ஆசை. பொய்யாகச் சொல்ல வாய் வரவில்லை.

அதனால் ஒரு உதவி செய்யுங்கள். பாப்பாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். உறையை ஒட்டி அவள் பெயரையே போடுங்கள். நான் பிரிக்கமாட்டேன், சத்தியம். நீங்கள் எந்த மாதம், எந்தத் தேதியில் வீட்டுக்கு வருகிறீர்கள் என்று அதில் எழுதுங்கள். நான் எத்தனை தடவை கேட்டும் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்கிறீர்களே, அதைத்தான். எனக்குப் போனில் சொல்லிவிடாதீர்கள். பெரிய பெரிய எழுத்தாக, மெதுவாக எழுதுங்கள்.

அவள் ஓடிவந்து அந்தத் தேதியை என்னிடம் சொல்லட்டும். இரண்டையும் அவள் வாயால் தெரிந்துகொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டீச்சர் கிளம்புவதற்குள் வந்து சேருகிற மாதிரி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
பாப்பா அம்மா