துடக்கு நாளில் பார்த்த ஊர்

அத்தை,

நேற்று அம்மாவின் காலில் கட்டுப் போட மருந்துக்கடையில் வாங்கிய துணிச்சுருளைப் பிரித்தேன். புதுப் பஞ்சும் வெளுப்புக் காரமும் கலந்த வாசனை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை முடிந்து நீங்கள் வரும்போது உங்கள் சேலையிலும் தலைமுடியிலும் இதே வாசனைதான் வரும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "அவளின்ரை மணம்" என்றார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா, நான், தங்கச்சி மூவர்தான் வந்தோம். அப்பா கடையை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லி நின்றுவிட்டார். ஊரிலேயே இருந்த மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் உங்கள் பக்கத்து வீட்டை எங்களுக்குப் பிடித்துத் தந்தார். நீங்கள் வாசலில் நின்று எங்களையும் எங்கள் இரண்டு பைகளையும் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு குடமும் விளக்குமாறும் கொண்டுவந்து வைத்தீர்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரில் எங்கள் வீடு கூட்ட ஆள் வருவார்கள் என்று உங்களிடம் சொல்லிவிட வாய் துடித்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

அன்றைக்கே முறையும் வைத்துவிட்டீர்கள். "பேரு சொல்லிக் கூப்பிட்டா ஒட்டாது. நான் ஒனக்கு அத்தை. ஒங்க அம்மா எனக்கு மதினி. அப்ப ஒங்க அப்பா எங்க அண்ணன். முடிஞ்சு போச்சு." முகம் கூடப் பார்க்காத மனிதரை ஒரே மூச்சில் அண்ணனாக்கிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு தினமும், "அண்ணன்கிட்ட இருந்து தகவல் வந்துச்சா மதினி?" என்று கேட்டபடிதான் எங்கள் வீட்டுக்குள் நுழைவீர்கள்.

முதல் வாரங்களில் எங்களுக்கு எல்லாமே புதிது. குழாயடியில் நான் வாயைத் திறந்தால் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு, "இன்னொருக்காச் சொல்லு" என்பார்கள். அந்தக் கூச்சத்திலேயே நான் பாதி நாள் ஊமையாகத் திரிந்தேன். தங்கச்சிக்கு மட்டும் மலை ஒன்றே போதுமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் நிமிர்ந்து பார்க்கப் பனையை விட்டால் வேறென்ன இருக்கிறது? இங்கே தெருமுனையில் நின்றாலே மேற்கில் நீலமாய் மலை. அவள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி காலையில் எழுந்து அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அம்மா மட்டும் வாசற்படி தாண்டவில்லை. அப்பா வந்து சேருமட்டும் பூ வைப்பதில்லை என்று இருந்தார். நெற்றியில் பொட்டும் இல்லாமல் போயிருந்தது. தபாலும் நின்றுபோயிருந்த நாட்கள் அவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தலைக்குக் குளித்து, கட்டுச்சோற்று வாளியோடு வந்து நின்றீர்கள்.

"கிளம்புங்க மதினி. வில்லிபுத்தூர் போயிட்டு, அப்படியே பிளவக்கல் அணையும் பாத்துட்டு வருவோம்."

"அவர் அங்கை தனியக் கிடக்க, நாங்கள் ஊர் பாக்கப் போறதோ?"

"நாளைக்கு அண்ணன் வந்து ஊரு எப்படின்னு கேட்டா, அடுப்படியத்தான் பாத்தோம்னு சொல்லுவீகளா?"

அம்மா எழுந்து சேலையை மாற்றினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூக்கடையில் மல்லிகை வாங்கினீர்கள். அம்மா வேண்டாம் என்று தலையைப் பின்னுக்கு இழுத்தார். "ஆண்டாளைப் பாக்க மொட்டைத் தலையோடயா வருவீக?" என்று அதட்டி நீங்களே வைத்துவிட்டீர்கள். உள்ளே, குங்குமத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மா விழித்துக்கொண்டு நின்றார். நீங்கள் அதில் விரலைத் தொட்டு, அவர் நெற்றியிலும் வகிட்டிலும் அழுத்தி வைத்தீர்கள். "எங்க அண்ணன் நல்லா இருக்கணும்" என்று சத்தமாகவே சொன்னீர்கள். அம்மா குனிந்து உங்கள் தோளில் சாய்ந்ததை நான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் பால்கோவா வாங்கித் தந்தீர்கள். தங்கச்சி இலையை நக்கினாள், நானும்தான். அணையில் போய் நின்றதும் அம்மா அவ்வளவு தண்ணீரையும் பார்த்துவிட்டு, "இவ்வளவும் உப்பில்லையோ?" என்று கேட்டார். நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இறங்கிக் குடிச்சுத்தான் பாருங்களேன்" என்றீர்கள். அம்மா உண்மையாகவே இறங்கி, ஒரு கை அள்ளிக் குடித்தார். குடித்துவிட்டு அவரும் சிரித்தார். படகேறிய பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் தங்கச்சி உங்கள் மடியில் தூங்கிப்போனாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து மாமா படகில் வந்தார். வாசலில் அவர் நின்ற விதத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, இராணுவம் பாதையைப் பூட்டியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டியும் அங்கேயே முடிந்துவிட்டது. எங்களுக்குத்தான் அழுவதற்குக்கூடப் பிந்திப்போயிருந்தது.

தெருவே வந்து உட்கார்ந்தது. நீங்கள் எங்களுக்காகச் சோறாக்கிச் சட்டியோடு வந்தீர்கள். அதே நேரம் பார்த்து ஒரு கிழவி மாமாவிடம் உயிர் போனது என்றைக்கு என்று கேட்டு, விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"ஏட்டி, அப்ப நீ இவியள ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனது தீட்டுக்குள்ளல்ல? புருஷன் செத்திருக்கையில பூ வேற வச்சுவிட்டியே!"

தீட்டு என்று நீங்கள் சொல்வதை நாங்கள் துடக்கு என்போம். எந்தப் பெயரில் சொன்னாலும் கோயில் வாசல் மிதிக்கக் கூடாத நாட்கள். அந்த நாட்களில்தான் நாங்கள் கும்பிட்டிருக்கிறோம், இனிப்புத் தின்றிருக்கிறோம், தண்ணீரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். வீடு முழுக்க உங்களையே பார்த்தது. "நான் என்னத்தக் கண்டேன்…" என்று மட்டும் சொன்னீர்கள். சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனவர் அதற்குப் பிறகு எங்கள் படி ஏறவில்லை.

நாங்களும் கூப்பிடவில்லை. நாங்கள் உங்களைக் குற்றம் சொல்கிறோம் என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை, அத்தை. தெரிந்தவர்களில் அன்றைக்கு நாங்கள் சிரித்ததைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தச் சிரிப்புத்தான் ஞாபகம் வந்தது. கூசிப்போய் நான் குழாயடிக்குக்கூட நீங்கள் தறிக்குப் போன பிறகுதான் போனேன். மாமா திருச்சியில் வீடு பார்த்து எங்களைக் கூட்டிக்கொண்டு போன அன்று பஸ் நிலையத்துத் தூணோரம் நீங்கள் நின்றீர்கள். நான் பார்த்தேன். பார்க்காதது போல ஏறி உட்கார்ந்தேன்.

நீங்கள் போய்விட்ட செய்தி போன மாதம்தான் வந்தது. துக்கம் கேட்க நான் மட்டும் வந்தேன். நாங்கள் போன பிறகு பிறந்த உங்கள் மகன் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசிக்கொண்டே இருந்தான். "அம்மா ஒவ்வொரு ஆடிப்பூரத்துக்கும் இங்கருந்து வில்லிபுத்தூருக்கு நடந்தேதான் போவும். பஸ்ஸுல ஏறச் சொன்னா கேக்காது. முட்டி தேய்ஞ்ச பொறவும் நடந்துச்சு. என்ன வேண்டுதல்னு கேட்டா, 'எங்க அண்ணனுக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேன்'னு சொல்லும். எங்க அம்மாவுக்கு அண்ணனே கிடையாது. நாங்களும் வயசாயிருச்சு, ஒளறுதுன்னு விட்டுட்டோம்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்லி எழுந்து பின்பக்கம் போய் நின்றேன். அந்த அண்ணன் யார் என்று உங்கள் மகனிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அவள் என்னத்துக்கு நடந்தவள்? அண்டைக்கு அவள் கூட்டிக்கொண்டு போகாட்டில், அந்த மூலையிலை இருந்து அழுதழுதே நான் கைம்பெண்ணாகியிருப்பன். ஒரு நாளாவது அந்த மனிசன்ரை பெண்சாதியாப் பூ வச்சுக்கொண்டு நடந்தனான். அது அவள் தந்தது. பிறகு எனக்கு ஆர் பொட்டு வைச்சது?"

இதைத்தான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். திருச்சியிலிருந்து ராஜபாளையத்துக்கு எத்தனையோ பஸ் ஓடுகிறது. இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒன்றிலும் ஏறவில்லை. எங்களுக்காக நீங்கள் நடந்துகொண்டே இருந்திருக்கிறீர்கள். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, அத்தை. உங்கள் அண்ணன் இருந்திருந்தால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார். இந்த வெட்கம் என்னோடு இருக்கட்டும். உங்களுடையதை இறக்கி வையுங்கள்.