சூப்பர்வைசர் கொண்டுவந்த கேமரா

அம்மாவுக்கு மகன் கும்பிட்டு எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா?

லீவு நாள்ல பழைய ஃபிலிம் கேமராக்களை ரிப்பேர் பண்றேன்ல, அது சூப்பர்வைசர் காதுக்கும் எட்டிடுச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டப்ப "அடுத்த மாசம் பார்க்கலாம்"னாரே, அவர்தான். அவங்க அப்பா வச்சிருந்த கேமராவைக் கொண்டுவந்தார். ஷட்டர் மாட்டிக்கிச்சாம். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம், இதுலதான் படம் எடுக்கணுமாம். தினமும் வந்து தம்பி, தம்பின்னு குழையறார். நானும் பணிவா, "அடுத்த மாசம் பார்க்கலாம் சார்"ங்கிறேன். மனுஷனுக்கு மூஞ்சி சுண்டிப்போகுது.

லென்ஸ் துடைக்க உன் பழைய புடவைக் கிழிசல் கொஞ்சம் அனுப்பு. கல்யாணப் போட்டோவும் ஒண்ணு அனுப்பு. நான் நிக்க வேண்டிய இடத்துல யாரு நின்னாங்கன்னு பார்க்கணும்.

வேலைக்கு நேரமாச்சு. அந்தக் கேமரா போன வாரமே சரியாயிடுச்சும்மா. என் தலகாணிக்கு அடியிலதான் கிடக்கு.

உன் மகன்